நீங்கியதா, மறைந்ததா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு மாணவரின் தந்தை அருகில் வந்து தம் கைபேசியை நீட்டினார். அதில் ஒரு காணொளி. நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் அடியில் கூழாங்கல், அதன்மேல் மணல், அதன்மேல் சிரட்டைக் கரி, எல்லாவற்றுக்கும் மேலே உமிச்சாம்பல். ஆலைக் கழிவு நீரைக் குடம் குடமாக ஊற்றுகிறார்கள். கீழே உள்ள குழாயில் தெளிந்த நீர் வழிகிறது. ஒருவர் அதைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெயிலில் உயர்த்திக் காட்டுகிறார்.

"பார்த்தீர்களா ஹஜ்ரத்! சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. இதற்காகக் கோடிக்கணக்கில் செலவு செய்து ஆலை கட்டு என்று நம்முடைய ஆட்களை நெருக்குகிறார்கள். வேண்டுமென்றே நம் தொழிலை முடக்கத்தான் இத்தனையும்" என்றார். அவருடைய மைத்துனர் வேலூர்ப் பக்கம் தோல் பதனிடும் தொழிலில் இருப்பவர் என்பதை நான் அறிவேன். கூடியிருந்தவர்களும் தலையசைத்தார்கள். அன்று நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் வந்தது இரவெல்லாம் உறுத்தியது. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

டிரம் செய்வதும் செய்யாததும்

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காணொளி முழுப் பொய் அன்று. மணலும் கரியும் நீரைத் தெளிய வைக்கும் என்பது நம் முன்னோர் அறிந்ததே. நம் பாட்டிமார் கலங்கிய நீரை மண்பானையில் ஊற்றுமுன் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். சிறிது நேரத்தில் கலங்கல் அடியில் தங்கிவிடும். முருங்கை விதைக்கும் அந்தக் குணம் உண்டு. சிரட்டைக் கரியின் நுண்துளைகள் சாயத்தையும் நாற்றத்தையும் பற்றி இழுத்துக்கொள்ளும். உமிச்சாம்பல், தென்னை நார்க்கழிவு, கரும்புச் சக்கை, புளியங்கொட்டைத் தோல் ஆகியவற்றைக் கொண்டு கழிவு நீரிலுள்ள உலோகங்களைப் பிடிக்க முடியுமா என்று நம் நாட்டுக் கல்லூரிகளில் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். நல்ல முயற்சி. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும்.

ஆனால் தோல் ஆலையின் கழிவில் இருப்பது கலங்கலும் நாற்றமும் மட்டுமா?

பச்சைத் தோல் அழுகாதிருக்க அதில் உப்பை அள்ளித் தேய்த்துத்தான் ஆலைக்கு அனுப்புகிறார்கள். ஆலையில் அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுவதும் நீரில் இறங்குகிறது. பிறகு மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும், பதனிடக் குரோமிய உப்பு, அதன்பின் சாயம். அக்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட ஊர்கள்தான் இவை. குரோமியம் வந்த பின் வாரக்கணக்கான வேலை சில நாட்களில் முடிந்தது. கழிவின் தன்மையும் மாறியது.

நோன்புக் கஞ்சியில் உப்பு மிகுந்துவிட்டால் நாம் என்ன செய்வோம்? அதைத் துணியில் வடிகட்டினால் உப்பு போய்விடுமா? ஏழு மடிப்புத் துணியில் வடித்தாலும் போகாது. ஏனெனில் அது நீரில் கரைந்துவிட்டது. மணலும் கரியும் சாம்பலும் அந்தத் துணியைப் போன்றவையே. நீரின் நிறம் போகும், நாற்றம் குறையும். கரைந்த உப்பு அப்படியே கீழே இறங்கும். அதைப் பிரிக்க ஆர்.ஓ. எனப்படும் சவ்வு முறை வேண்டும். அதிலும் எஞ்சும் செறிந்த உவர்நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும். செலவு முழுவதும் அங்கேதான். நம் நாட்டு விதிப்படி ஆற்றிலோ ஏரியிலோ விடும் கழிவில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. குவளையை வெயிலில் உயர்த்திக் காட்டிய அந்த மனிதர் இந்த எண்ணை அளந்து காட்டவில்லை. காட்ட மாட்டார்.

குரோமியம் அடுத்தது. கரி அதில் ஒரு பகுதியைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் கரியின் துளைகள் ஒருநாள் நிறைந்துவிடும். நிறைந்த கரியை எங்கே கொட்டுவது? குப்பைமேட்டில் கொட்டினால் மழையில் கரைந்து நிலத்தில் இறங்கும். அடுப்பில் எரித்தால் சாம்பலில் உள்ள குரோமியம் முன்னிலும் கொடிய நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். நீரிலிருந்த நஞ்சு கரிக்குள் இடம் மாறியிருக்கிறதே அன்றி அழிந்துவிடவில்லை.

அளவையும் பாருங்கள். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. ஆயிரம் கிலோவுக்கு 35,000 லிட்டர். அத்தனையையும் நாள்தோறும் எத்தனை டிரம்களில் வடிகட்டுவது?

நம் ஃபிக்ஹு கேட்கும் கேள்வி

மார்க்கம் ஓதிய நமக்கு இந்தக் காணொளி ஏமாற்றாக உடனே தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இதே கேள்வியை நம் இமாம்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

மதரஸாவின் முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த மஸ்அலா இது. அதிகமான நீரில் அசுத்தம் விழுந்து அதன் நிறம், சுவை, மணம் இம்மூன்றில் ஒன்று மாறிவிட்டால் அந்நீர் நஜீஸ் ஆகிவிடும். பிறகு அந்த மாற்றம் அகன்றால்? இங்கேதான் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் நுட்பமான ஒரு கோட்டைக் கிழிக்கிறார்கள். மாற்றம் தானாகவோ, மேலும் நீர் சேர்ந்ததாலோ அகன்றால் நீர் சுத்தமாகிவிடும். கஸ்தூரியையோ குங்குமப்பூவையோ போட்டதால் அகன்றது போலத் தோன்றினால் சுத்தமாகாது. மண்ணும் சுண்ணச் சாந்தும் போட்டுத் தெளிந்ததும் அப்படியே என்பது ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. காரணம் என்ன? கஸ்தூரியின் மணம் நாற்றத்தை நீக்கியதா, மறைத்ததா என்று தெரியாது. மண் நிறத்தை அகற்றியதா, மூடியதா என்று தெரியாது. சந்தேகம் தீராத வரை அசுத்தம் இருப்பதாகவே கொள்ள வேண்டும். நீங்கியதா, மறைந்ததா: இந்த ஒரு கேள்விதான் அந்தச் சட்டத்தின் உயிர்.

தோலைப் பற்றிய மஸ்அலாவும் அவ்வாறே. செத்த பிராணியின் தோலும் பதனிட்டால் சுத்தமாகும் என்பது நபிகளார் (ஸல்) காட்டித் தந்தது. எண்ணிப் பாருங்கள், நம் வாணியம்பாடி, ஆம்பூர் மக்களின் தொழில் ஃபிக்ஹு நூல்களில் தூய்மை பற்றிய பாடத்தில் இடம்பெறும் தொழில்! அந்தப் பாடத்திலும் ஷாஃபிஈ அறிஞர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். வெயிலில் காய வைப்பதும் உப்பிடுவதும் பதனிடுதல் ஆகாது. ஏனெனில் மீண்டும் நீர் பட்டால் அந்தத் தோல் நாற ஆரம்பித்துவிடும். ஹனஃபி மத்ஹபில் இதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன். நான் சுட்டுவது அந்த அறிஞர்களின் பார்வையை. மேலே காய்ந்து தெரிவதில் அவர்கள் நிறைவடையவில்லை. உள்ளே இருந்தது போய்விட்டதா என்று கேட்டார்கள்.

"ஹஜ்ரத், நிறம், சுவை, மணம் மாறாத நீர் சுத்தம் என்று நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள்? டிரம்மிலிருந்து வரும் நீர் அப்படித்தானே இருக்கிறது?" என்று ஒருவர் கேட்கலாம். அந்த மூன்றும் ஒளுவுக்கும் தொழுகைக்கும் உரிய அளவுகோல். பிறர் வயலில் விடுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. நீர் தாஹிராக இருப்பது ஒரு கேள்வி. அது தீங்கற்றதாக இருப்பது மற்றொரு கேள்வி. கழிவு நீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு 1978-இல் சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர்கள் சபை அனுமதி அளித்தபோதும், அசுத்தத்தின் அடையாளம் முற்றிலும் அகல வேண்டும் என்பதோடு உடல்நலத்துக்குக் கேடு இருக்கக் கூடாது என்பதையும் தனியே கருத்தில் கொண்டது. தீங்கிழைப்பதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்ற நபிமொழியின் கருத்து நம் சட்டத்தின் அடித்தளங்களுள் ஒன்று. குவளையில் தெளிந்து தெரியும் நீர் ஒரு விவசாயியின் கிணற்றை உவர்ப்பாக்குமானால் அந்தத் தெளிவால் அவனுக்கு என்ன பயன்?

ஒரே ஆற்றின் மக்கள்

உத்திரமேரூரில் இருந்துகொண்டு வேலூர்ப் பக்கத்து விவகாரத்தை நீ ஏன் பேசுகிறாய் என்று கேட்பீர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வழியே வரும் பாலாறு நம் ஊருக்கு வடக்கே திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களுக்குக் குடிநீர் அந்த ஆற்று மணலில் தோண்டிய கிணறுகளிலிருந்து வருகிறது. அவர்கள் மேல்வாயில் இருக்கிறார்கள், நாம் கீழ்வாயில் இருக்கிறோம். ஒரே ஆற்றின் மக்கள் நாம்.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதி இழந்ததாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணித்ததை அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கும் அதில் உண்டு. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த ஐந்தில் ஒன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், நம் உத்திரமேரூர் அப்போது அதில்தான் இருந்தது. மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டமாக உறுதிப்பட்டதும் இந்தத் தீர்ப்பில்தான். உலகெங்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் இன்று வேலூரின் பெயரை அறிந்திருக்கிறார்கள். நாம் அறிந்திருக்கிறோமா?

அதன்பின் அமைக்கப்பட்ட ஆணையம் 2001-இல் வேலூர் மாவட்டத்தில் மட்டும் 547 ஆலைகளைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள்: சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட இல்லை. அந்த இழப்பீடும் முழுமையாகச் சேரவில்லை; கேடும் நிற்கவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, இழப்பீட்டைக் கொடுத்து அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று ஆணையிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பின்போது பால்குடிக் குழந்தையாக இருந்தவர் இன்று பிள்ளை பெற்றவராக இருப்பார்.

இடையில் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அருகிலிருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கசடு பாய்ந்து பத்துப் பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டோம், கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் அந்த இரவை மறக்கக் கூடாது. நீரிலிருந்து பிரித்த நஞ்சை எங்கே வைப்பது என்பதுவரை பொறுப்பு தொடர்கிறது. கோடிக்கணக்கில் கட்டிய நிலையத்தின் கசடே இத்தகைய ஆபத்து என்றால், டிரம்முக்குள் இருக்கும் கரியைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

நாம் சொல்லும் மூன்று சாக்குகள்

முதல் சாக்கு: நம்மை மட்டும் குறிவைக்கிறார்கள்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான ஆலைகள் மூடப்பட்டன. நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப்போனதும், கரையோர விவசாயிகள் பல ஆண்டுகள் போராடியதும் நாடறிந்தது. அந்த ஆலை உரிமையாளர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். நம் சமூகத்தின் மீது பகை கொண்டவர்கள் இந்நாட்டில் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பேசும் பொய்களை மறுக்க வேண்டும். ஆனால் கிணறு உவர்ப்பது பகைவரின் பேச்சு அன்று. அந்த நீரை முதலில் குடித்ததும் நம்மவர்களே. ஆலைகளை ஒட்டிய தெருக்களில் குழாய் நீரை நம்ப முடியாமல் கேன் நீருக்குக் காசு கொடுக்கும் தாய்மார்களில் நம் சகோதரிகள் எத்தனை பேர்?

இரண்டாம் சாக்கு: செலவைத் தாங்க முடியாது, ஆலை மூடினால் ஏழைகள் பட்டினி கிடப்பார்கள்.

இதில் உண்மை உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணித் தொழிற்சாலைகளுக்குப் போய்க் குடும்பம் காக்கும் பெண்கள் ஏராளம். சிறு ஆலைக்காரரின் நெருக்கடியும் மெய். மேல்நாட்டு வணிகர்கள் மலிவாகத் தோல் கேட்கிறார்கள். தங்கள் ஊரில் வேண்டாத கழிவை நம் ஊரில் விட்டுச் செல்கிறார்கள். ஆயினும் ஒன்றைக் கேட்கிறேன். சுத்திகரிக்காமல் மிச்சப்படும் பணம் எங்கே போகிறது? அந்தச் செலவு மறைவதில்லை. தென்னை காய்ந்துபோன விவசாயி அதைச் செலுத்துகிறார். குடிநீர் வாங்கும் கூலித் தொழிலாளி செலுத்துகிறார். எடைக்கல்லில் குறைப்பவர்களுக்கு எச்சரிக்கையாக அல்லாஹ் ஒரு முழு அத்தியாயத்தையே அருளியிருக்கிறான். மழை பெய்யும் இரவில் மதகைத் திறந்து விடுவதற்கும் எடையில் குறைப்பதற்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் ஒருவர் தம் செலவை அடுத்தவர் அறியாமல் அவர் தலையில் ஏற்றுகிறார். தாங்க முடியாத சிறு உரிமையாளருக்கு வசதி படைத்தவர்கள் வட்டியில்லாக் கடன் கொடுத்துத் தோள் கொடுக்கட்டும். அதற்குத்தானே நம்மிடம் ஜமாஅத்தும் சங்கமும் இருக்கின்றன? நஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள வழியுண்டு. அதை அந்நியரின் கிணற்றில் கொட்ட நமக்கு அனுமதி இல்லை.

மூன்றாம் சாக்கைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: அவர்கள் நம் மதரஸாக்களுக்குக் கொடுப்பவர்கள்.

இதை நான் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் நேர்மை இல்லை. தோல் வணிகர்களின் கொடை இல்லாமல் வட தமிழகத்து முஸ்லிம்களின் கல்வி வரலாறு இல்லை. வாணியம்பாடியில் 1919-இல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரியும், தோல் வணிகரும் பெரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரால் மேல்விஷாரத்தில் 1965-இல் எழுந்த கல்லூரியும் அந்தக் கொடைக்குச் சாட்சிகள். நான் ஓதிய மதரஸாவின் சமையற்கட்டிலும் அந்தக் கொடையில்தான் உலை கொதித்தது. அந்தச் சோற்றை ஏழாண்டுகள் உண்டவன் நான். ஆகவே அந்தப் பெருமக்களை நான் பழிக்கவில்லை. ஆனால் சோறிட்டவர் தவறும்போது வாய்மூடி இருப்பது நன்றி ஆகாது.

மறுமையில் திவாலாகிப்போகும் மனிதனைப் பற்றி நபிகளார் (ஸல்) எச்சரித்த செய்தியை நாம் மிம்பரில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! தொழுகையோடும் நோன்போடும் ஜகாத்தோடும் ஒருவன் வருவான். அவன் ஏசியவர்களும், அவன் பொருளைத் தின்றவர்களும், அவன் தீங்கிழைத்தவர்களும் வரிசையில் நிற்பார்கள். அவனுடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கிடப்படும். நன்மைகள் தீர்ந்தால் அவர்களின் பாவங்கள் இவன் மீது சுமத்தப்படும். இப்போது அந்த 29,193 பேரை அந்த வரிசையில் நிறுத்திப் பாருங்கள். அவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. ஹக்குல் இபாத் என்னும் மனிதர் உரிமையை அல்லாஹ் தானாக மன்னித்துவிடுவதில்லை. உரியவர் மன்னிக்க வேண்டும். நம் வள்ளல் ஒருவர் கட்டிய மதரஸாவின் நன்மையெல்லாம் பெயர் தெரியாத ஒரு விவசாயியின் ஏட்டுக்குப் போய்ச் சேருமானால், அதைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருந்த ஆலிமை அந்த வள்ளல் அன்று என்ன கேட்பார்? "ஹஜ்ரத், என் சோற்றைத் தின்றீர்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்க மாட்டாரா?

மலிவான வழி வேண்டாமா?

வேண்டும். அதற்குரிய இடத்தில் வேண்டும்.

ஆலைக்குள்ளேயே மலிவான நல்ல வழிகள் உள்ளன. தோலை நீரில் போடுமுன் உதறித் தட்டினால் உப்பில் ஒரு பகுதி உலர்ந்த நிலையிலேயே கையில் வந்துவிடும். நீரில் கரைந்த உப்பைப் பிரிக்கும் செலவில் அந்த அளவு மிச்சம். குரோமியம் கலந்த நீரை மற்றக் கழிவோடு சேர்க்காமல் தனியே பிடித்தால் அதிலுள்ள குரோமியத்தைப் படிய வைத்து மீண்டும் பதனிடப் பயன்படுத்தலாம். சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய முறைகளை உருவாக்கிக் கொடுத்துள்ளது. இவற்றில் உள்ள அறிவு எளியது: கலக்காதே. கலந்த பின் பிரிக்கத்தான் கோடிகள் வேண்டும். கரியும் சாம்பலும் இந்த ஏற்பாட்டில் ஒரு படியாக, சாயத்தையும் நாற்றத்தையும் குறைக்க உதவட்டும். முழுச் சுத்திகரிப்பின் இடத்தில் அவற்றை நிறுத்துவதைத்தான் நான் மறுக்கிறேன்.

அந்தக் காணொளியின் டிரம்முக்கு மிகப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு: நம் பள்ளிவாசல். ஐவேளையும் ஒளுச் செய்த நீர் சாக்கடையில் ஓடுகிறது. அதில் குரோமியம் இல்லை, மிகுந்த உப்பில்லை. தூசியும் சிறிது அழுக்குமே. கூழாங்கல், மணல், கரி வழியே விட்டால் அந்நீர் தென்னைக்கும் வாழைக்கும் தாராளமாகப் போதும். ஒருமுறை ஒளுவுக்குப் பயன்பட்ட நீரால் மீண்டும் ஒளுச் செய்ய முடியாது. ஆனால் அது தாஹிர்தான், மரத்துக்கு ஊற்றத் தடையில்லை. மரம் நட்டவருக்கு அதிலிருந்து பறவை உண்பதும் ஸதகா. எங்கள் ஊர்ப் பள்ளியில் இதைச் செய்ய வேண்டும் என்று ஜமாஅத்தாரிடம் இக்கட்டுரை வழியே விண்ணப்பிக்கிறேன். அந்த மாணவரின் தந்தையே முன்னின்று செய்யட்டும். கூழாங்கல் சுமக்க மதரஸா மாணவர்களோடு நானும் வருவேன்.

ஆலைகளின் விஷயத்தில் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கணக்கு. இவ்விடத்தில் நம் ஊரே நமக்கு ஆசானாக இருக்கிறது. உத்திரமேரூர் கல்வெட்டுகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பராந்தகச் சோழர் காலத்தில் வெட்டப்பட்டவை அவை. குடவோலை முறையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். குடவோலையில் தேர்ந்தெடுத்த குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம். நீர்நிலையைக் காக்க ஊரார் ஆறு பேரை நியமித்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மீண்டும் இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வூரார் தண்ணீர்ப் பொறுப்பையும் கணக்கையும் ஒன்றாகக் கட்டி வைத்தார்கள். கணக்கு ஒப்புவித்தலை ஈமானின் அங்கமாகக் கொண்ட நாம் அதில் அவர்களுக்குப் பின்தங்கலாமா?

ஆகவே சங்கத்தில் இருப்பவர்கள் தங்கள் பகுதி நிலையத்துக்கு எவ்வளவு கழிவு வருகிறது, வெளியேறும் நீரில் எவ்வளவு உப்பு, கசடு எங்கே போகிறது என்று ஆண்டுதோறும் ஜமாஅத்தின் முன் வைக்கச் சொல்லுங்கள். நன்கொடை பெறும் மதரஸா நிர்வாகிகள் பணிவோடு ஒரு கேள்வி கேளுங்கள். ஆலிம்கள் தண்ணீர் பற்றிய பாடத்தை நடத்தும்போது ஹவுளோடு நிறுத்திவிடாமல் பாலாற்றையும் சேர்த்து நடத்துங்கள். நீர்த்துறையில் மலம் கழிப்பது சாபத்துக்குரியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஒரு மனிதன் ஒரு வேளை செய்யும் அசுத்தத்துக்கே அந்த எச்சரிக்கை என்றால், ஓர் ஆலை இரவு பகலாக விடும் கழிவுக்கு என்ன என்பதை அந்தப் பிள்ளைகளே நம்மைக் கேட்கட்டும்.

கைபேசியை நீட்டிய அந்தச் சகோதரர் நல்லவர். தம் உறவினர் மீதுள்ள அன்பினால் பேசினார். அவருக்கு என் பதில் இதுதான்: பாய், அந்தக் குவளையிலுள்ள நீரை உங்கள் மைத்துனர் தம் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். தயங்கினார் என்றால் அசுத்தம் நீங்கவில்லை, மறைந்துதான் இருக்கிறது. தம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதை அடுத்தவர் வயலுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்புவதுதானே ஈமான்?

யா அல்லாஹ்! உயிருள்ள அனைத்தையும் நீரிலிருந்து படைத்தவனே! எங்கள் கைகள் செய்த கேட்டை உணரும் உள்ளத்தையும் அதைச் சீராக்கும் துணிவையும் எங்களுக்குத் தருவாயாக! எங்கள் வணிகர்களின் ரிஸ்கில் பரகத் செய்வாயாக! அதில் பிறர் கண்ணீர் கலவாமல் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.